சிநேகிதிக்குப் போன இறுதி அறிவித்தல்

கடிதம் எழுத எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். மன்னார் நகரத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் இருபத்தாறு வருடமாக எழுதுவினைஞராக இருக்கிறேன். காணி, படகு, நட்டஈடு, இடமாற்றம், எதுவென்றாலும் மூன்று பந்திக்குள் முடித்துவிடுவேன். முதல் பந்தி ‘மேற்படி விடயம் தொடர்பாக’ என்று தொடங்கும். கடைசிப் பந்தி ‘தங்களின் விரைவான பதிலை எதிர்பார்க்கின்றேன்’ என்று முடியும். புதிதாக வருகிற அதிகாரிமார்கூட, “அந்த மிஸ்ஸிட்டக் குடுங்கோ, அவ வடிவா எழுதுவா” என்பார்கள். அதில் எனக்குப் பெருமை கொஞ்சம் கூடத்தான்.

அப்படிப்பட்ட நான் சிநேகிதி ஒருத்திக்கு நாலு வரி எழுதத் தெரியாமல், உள்ள ஒரே சிநேகிதியையும் இழக்கப் பார்த்தேன்.

அவளும் இதே கந்தோரில்தான் வேலை செய்தாள். என் மேசைக்கு நேரெதிர் மேசை. நான் பேசாலையிலிருந்து பஸ்ஸில் வருவேன். அவள் நகரத்திலேயே தகப்பனோடு இருந்தாள். கலியாணம் செய்யவில்லை. இருபது வருடம் மதியச் சாப்பாட்டை ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். என் பெட்டியில் மீன் இருக்கும், அவள் பெட்டியில் சம்பல் இருக்கும், இரண்டையும் நடுவில் வைத்துக்கொள்வோம். தகப்பன் பாரிசவாதத்தில் விழுந்து ஒன்பது வருடம் படுக்கையில் கிடந்தார். அவள் விடிய எழும்பி அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, அயல்வீட்டுப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டுக் கந்தோருக்கு வருவாள். ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை. நான்தான் பிந்துவேன்.

தகப்பன் போய் ஆறு மாதத்தில், ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவில் சொன்னாள்.

“நான் மடத்துக்குப் போகப் போறன்.”

“எந்த மடம்? லீவு போட்டிட்டோ?”

“இல்லை. அங்கேயே இருக்கப் போறன்.”

அவள் சொன்னது கன்னியாஸ்திரிகளின் மௌன மடம். யாழ்ப்பாணப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே போன சகோதரிகள் வெளியில் வருவதில்லை. செபமும் தோட்ட வேலையும் தையலும்தான். சொந்தக்காரரே வருடத்தில் இரண்டு மூன்று தரம் கம்பி அளிக்கு வெளியில் இருந்து பார்க்கலாம். வயது கூட என்று முதலில் மறுத்தார்களாம். பிறகு ஓமென்றுவிட்டார்களாம்.

“எப்பயிருந்து யோசிச்சனி?”

“கனகாலமாய்.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“சொன்னால் நீ சத்தம் போடுவாய்.”

சத்தம் போட்டேன். கந்தோரே திரும்பிப் பார்த்தது. அவள் கையைக் கழுவிவிட்டு வந்து தன் மேசையில் இருந்த கடதாசிக் கோவைகளை ஒழுங்காக அடுக்கத் தொடங்கினாள்.

மடத்தில் தொலைபேசி இல்லை. கடிதம் உண்டு. அவள் மாதம் ஒன்று எழுதலாம், அவளுக்கு எத்தனையும் வரலாம், ஒருவரும் உடைத்துப் பார்ப்பதில்லை என்று போகும்போது சொன்னாள். அவள் போன முதல் கிழமையே எழுதினேன். மேலே இடப்பக்கம் என் விலாசம், வலப்பக்கம் திகதி. ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டு ஏழு கேள்வி. தபாலில் போட்டுவிட்டு நல்ல காரியம் செய்த நிறைவோடு வந்தேன். பதிலில், “உன் கடிதம் கிடைச்சது. சீல் குத்த மறந்திட்டாய். நாலாம் இலக்கத்துக்கு என் பதில்: ஓம், இஞ்ச புட்டும் தருகினம்” என்று இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அடுத்த கடிதத்தையும் இலக்கம் போட்டுத்தான் எழுதினேன். வேறு மாதிரி எழுத எனக்குக் கை வராது.

இப்படி மாதம் ஒன்றாக எட்டுக் கடிதம் வந்தது. மடத்தில் தாளை வீணாக்க மாட்டார்கள். கோயில்களில் மிஞ்சிய பழைய பாட்டுத் தாள்களின் வெறும் பக்கத்தில்தான் எழுதுவார்கள். எங்கள் கந்தோரிலும் அதே வழக்கம்தான். பழைய சுற்றறிக்கைகளின் பின்பக்கத்தில்தான் நகல் எழுதுவோம். அச்சுப் பக்கத்துக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டால் பிறகு அதை ஒருவரும் வாசிப்பதில்லை. கோடு இழுக்காவிட்டாலும் வாசிப்பதில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் அச்சுப் பக்கம் என் கண்ணில் படுவதே இல்லை.

இந்த வருடத் தபசு காலம், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள், தொடங்கிய கிழமையில்தான் என் கழுத்தில் ஒரு கட்டி இருப்பதைக் கண்டேன். வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினேன். ஊசியால் எடுத்துச் சோதிக்க வேண்டும், முடிவு வர மூன்று கிழமை செல்லும் என்றார்கள். ஐஸ் கொம்பனியில் வேலை செய்கிற என் கணவருக்குச் சொன்னேன். அவர் நல்ல மனிசன். ஆனால் பயந்தால் பேச்சு நின்றுவிடும். மேசையில் இருந்து என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வேறு யாரிடம் சொல்வது? அவளுக்கு எழுதினேன். கட்டி எத்தனை சென்றிமீற்றர், வைத்தியர் என்ன சொன்னார், எப்போது முடிவு வரும், எல்லாம் இலக்கமிட்டு எழுதினேன். ‘பயமாக இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதி, அது கடிதத்தில் பொருந்தாததுபோலத் தெரிந்ததால் வெட்டிவிட்டேன். உடனே பதில் எழுது என்று முடித்தேன்.

பதில் வரவில்லை.

பதில் வராத கடிதத்துக்கு என்ன செய்வது என்று எந்த எழுதுவினைஞருக்கும் தெரியும். பத்து நாள் பார்த்துவிட்டு முதலாம் நினைவூட்டல் போடுவோம். அதற்கும் அசையாவிட்டால் இரண்டாம் நினைவூட்டல். அதற்குப் பிறகு இறுதி அறிவித்தல். பத்தாம் நாள் முதலாவதைப் போட்டேன். இன்னும் ஒரு கிழமை பொறுத்து இரண்டாவதைப் போட்டேன். “கந்தோரை வீட்டையும் கொண்டந்திட்டாய்” என்றார் கணவர். அந்தத் தபசுக்கு ஒறுத்தலாக நான் தேநீரில் சீனி போடுவதை நிறுத்தியிருந்தேன். வெறுந்தேநீரைக் குடித்துக்கொண்டு பதில் இல்லாத தபால்காரரைத் தினமும் பார்ப்பது எந்த மனுசியையும் கெடுத்துவிடும்.

இடையில் சோதனை முடிவு வந்தது. பயப்பட ஒன்றுமில்லை, வருடத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும் என்றார்கள். கணவர் வவுனியா பஸ் நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு முதலில் வந்த நினைப்பு அவளுக்கு எழுதவேண்டும் என்பது. அடுத்த நினைப்பு, அவளுக்கென்ன, செத்தாலும் இருந்தாலும் ஒன்றுதானே என்பது. அன்று பின்னேரமே இறுதி அறிவித்தலை எழுதினேன். கட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. தெரியாமலே கிடக்கட்டும் என்று வேண்டுமென்றே விட்டேன்.

இலக்கம் போடாமல் நான் அவளுக்கு எழுதிய முதல் கடிதம் அதுதான். அரைப் பக்கம்கூட இல்லை. “நீ கடவுளிடம் போகவில்லை. எங்களிடமிருந்து ஓடினாய். தகப்பன் இருக்கும்வரை அவரைச் சாட்டி ஒருவரோடும் ஒட்டாமல் இருந்தாய். அவர் போனதும் ஒளிக்க இடமில்லை, மதில் தேவைப்பட்டது. உனக்கு மனிசரைக் கண்டால் பயம். அதைப் பக்தி என்று சொல்லாதே. இனி நான் எழுதமாட்டேன்.” கையொப்பம் வைத்து, நானே கொண்டுபோய்த் தபாலில் போட்டேன். மூன்று நாள் மனசு லேசாக இருந்தது. அது உண்மை, மறைக்க மாட்டேன்.

நாலாம் நாள் அவளுடைய பழைய கடிதங்களை எரித்துவிடலாம் என்று பிஸ்கட் ரின்னைத் திறந்தேன். குருத்து ஞாயிறுக்கு இன்னும் ஒரு கிழமை, உயிர்த்த ஞாயிறுக்கு இரண்டு கிழமை இருந்தது. மாசி மாதம் வந்த கடைசிக் கடிதம் குப்புறக் கிடந்தது. அச்சுப் பக்கம் மேலே. ஒரு திருப்பலிப் பாட்டு. பாட்டின் ஓரத்தில், வெறும் இடம் இருந்த அளவுக்கு, அவளுடைய பொடி எழுத்து இறங்கிக்கொண்டு போனது.

“அங்கால இடம் முடிஞ்சுது. முக்கியமான விசயம்: தபசு துவங்கிற விபூதிப் புதனிலயிருந்து உயிர்த்த ஞாயிறு வரைக்கும் இஞ்ச கடிதம் தரமாட்டினம், அனுப்பவும் ஏலாது. வாறதெல்லாம் ஒரு பெட்டியில கிடக்கும். உயிர்த்த ஞாயிறு அண்டு சேர்த்துத் தருவினம். அதுக்காக நீ எழுதாமல் இராதை. அண்டைக்கு எனக்கு ஒரு பெரிய கட்டு வேணும்.”

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். அவள் கேட்ட கட்டு அங்கே ஆயத்தமாகத்தான் கிடந்தது. நாற்பது நாள் வாய் பேசாமல் காத்திருந்து, திருநாள் அன்று அவள் அவிழ்க்கப் போவது என் கட்டி, என் இரண்டு நினைவூட்டல், என் இறுதி அறிவித்தல்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு யாழ்ப்பாண பஸ் ஏறினேன். இலுப்பைக்கடவையில் பஸ் தேநீருக்கு நின்றது. நான் இறங்கவில்லை. என்ன சொல்லி அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்குவது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கந்தோரில் ஒருவர் அனுப்பிய கடிதத்தை அவரே எழுத்தில் கேட்டால் மீளப்பெறலாம். அந்த வழியில் போவதென்று தீர்மானித்தேன். கைப்பையில் தாளும் பேனையும் இருந்தன.

மடத்துப் படலையில் வெளி ஆட்களோடு கதைப்பதற்கென்று ஒரு சகோதரி இருப்பார். வாசல் சிஸ்ரர் என்பார்கள். எழுபது வயதிருக்கும். கதிரை தந்தார், தண்ணீர் தந்தார், வந்த விடயத்தைக் கேட்டார். அவள் பெயரைச் சொன்னேன்.

“ஓ, மன்னாரில இருந்து வாறதோ? நாலு கிடக்கு. நீங்களோ எழுதினது? என்ன வடிவான எழுத்து!”

“அதில கடைசியா வந்ததை மட்டும் திருப்பித் தாங்கோ சிஸ்ரர்.”

“அது ஏலாது பிள்ளை. படலைக்குள்ள வந்தால் அது அவவின்ர சாமான். நானும் தொட ஏலாது, மதரும் தொட ஏலாது.”

“எழுதினது நான்தானே?”

“எழுதினது நீங்கள். இப்ப அது உங்கட இல்லை.”

“எழுத்தில கோரிக்கை ஒண்டு தாறன் சிஸ்ரர்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “இது கந்தோர் இல்லை, பிள்ளை.” பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். “அப்பிடி என்ன எழுதினனீங்கள்?”

“எழுதக்கூடாததை.”

“அப்ப இன்னொண்டு எழுதுங்கோ. பெரிய வியாழனுக்கு முதல் வந்தால் நான் பெட்டியில போடுவன். அதைத்தான் நான் செய்யலாம்.”

அந்த நேரம் மதிலுக்கு அப்பால் மதியச் செபம் தொடங்கியது. பாட்டாக இழுத்துச் சொல்லுகிற செபம். பத்துப் பன்னிரண்டு குரல் சேர்ந்து வந்தது. அதில் ஒரு குரல் எல்லோருக்கும் அரை வரி முந்திப் போனது. கந்தோர் நத்தார் ஒளிவிழாவில் பாடும்போது ஒவ்வொரு வருடமும் எங்களைக் குழப்பிய குரல் அது. அவள் என்னிலிருந்து இருபது முழத் தூரத்தில்கூட இருந்திருக்க மாட்டாள். அவளைப் பார்க்க முடியாது, கூப்பிட முடியாது. எனக்கு அழுகை வந்தது. வாசல் சிஸ்ரர் பார்க்காததுபோல யன்னல் சீலையைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

சனிக்கிழமை காலை குசினி மேசையில் தாளை வைத்துக்கொண்டு இருந்தேன். முதல் எழுதியது, “எனது முன்னைய கடிதத்தை இரத்துச் செய்ததாகக் கருதவும்” என்று வந்தது. கிழித்தேன். அடுத்ததில் மன்னிப்பு, இரக்கம், காணாமற்போன ஆடு எல்லாம் வந்தன. ஞாயிறுப் பிரசங்கம் மாதிரி இருந்தது. அதையும் கிழித்தேன். மூன்றாவதில் அவளைப் புகழ்ந்தேன். உன்னைப்போல் தியாகி உண்டா என்று எழுதியதை வாசிக்க எனக்கே வாந்தி வந்தது. அவளுக்கு முன்னால் அப்படிச் சொன்னால் சம்பலை என் பக்கம் தள்ளிவிட்டு எழும்பியிருப்பாள்.

அப்போதுதான் ஒரு விடயம் உறைத்தது. அவளோடு இருபது வருடம் ஒவ்வொரு மதியமும் கதைத்தேன். மன்னிப்புக் கேட்டதுமில்லை, புகழ்ந்ததுமில்லை. அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அவள் போன நாளிலிருந்து அது ஒன்றைத்தான் நான் அவளுக்கு எழுதவில்லை. கேள்வி கேட்டேன், விபரம் கேட்டேன், பதில் கேட்டேன். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு கதைக்கிறதுபோல் ஒரு வரி எழுதியதில்லை. கதைக்கிற தமிழிலேயே எழுதுவதென்று முடிவெடுத்தேன். விலாசமும் போடவில்லை.

“இஞ்ச, போன கிழமை ஒரு கழுதை கந்தோருக்குள்ள வந்திட்டுது. காவலாளி மத்தியானம் கண்ணயர்ந்திட்டார். அது நேரா எங்கட அறைக்கு வந்து, நீ அடுக்கி வைச்சிட்டுப் போன கோவையில ஒண்டை எடுத்துத் திண்டுது. உன்ர மேசை எண்டு அதுக்குத் தெரிஞ்சிருக்கும். உன்ர கதிரையில இப்ப பிரிண்டரை வைச்சிருக்கினம். அது நாள் முழுக்க கத்துது, உன்னை மாதிரி ஒழுங்கா வேலை செய்யிறேல்லை...” என்று தொடங்கியது. அதற்குப் பிறகு பேனை நிற்கவில்லை. பேசாலையில் இந்த முறை நண்டு மலிவு, பாலத்தில் காற்று பஸ்ஸையே தள்ளுகிறது, கணவர் வவுனியாவில் அழுதார், கட்டிக்கு ஒன்றுமில்லை. எல்லாம் வந்த ஒழுங்கில் எழுதினேன்.

கடைசியில் அதற்கும் வந்தேன். “நாலாவது கடிதத்தை நான் திருப்பி எடுக்க வந்தனான், தரமாட்டம் எண்டிட்டினம். அதை நினைக்காமல் எழுதினனான் எண்டு பொய் சொல்லமாட்டன். நினைச்சுத்தான் எழுதினனான். ஆனா உன்ர குறிப்பை நான் பாக்கேல்லை. நீ வேணுமெண்டு பேசாமல் இருக்கிறாய் எண்டு நினைச்சனான். நீ போனதில எனக்கு இன்னும் கோவம். ஏனெண்டால் நான் இப்ப தனியச் சாப்பிடுறன். மீனைக் கொண்டுபோறேல்லை. எனக்கு உன்னை விட்டால் ஆளில்லை. அதை நேராச் சொல்லத் தெரியாமல் உன்னில பிழை பிடிச்சனான்.”

எழுதி முடித்துத் திரும்பி வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் திருத்தியிருப்பேன். பெரிய தபால் கந்தோரில் கொண்டுபோய்ப் போட்டேன்.

பெரிய வியாழன், பெரிய வெள்ளி, உயிர்த்த ஞாயிறு. நடுச்சாமப் பூசையில் எல்லோரும் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு நின்றபோது நான் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவிழ்ப்பாளா, விடியவா? முதலாவதை எடுப்பாளா, கடைசியை எடுப்பாளா? பக்கத்தில் நின்றவர் என் திரி சாய்ந்து மெழுகு அவருடைய சேலையில் சொட்டுவதைக் காட்டினார். திருநாள் முடிந்து ஒரு கிழமை போனது. சீனி போட்ட தேநீரும் ருசிக்கவில்லை. இரண்டாவது கிழமை வியாழக்கிழமை, கந்தோர் விலாசத்துக்குக் கடிதம் வந்தது. கோவை அலுமாரிக்குப் பின்னால் போய் நின்று உடைத்தேன். 

“எடியே,

அஞ்சையும் ஒழுங்காத்தான் வாசிச்சனான். முதலாவதை வாசிச்சிட்டு உனக்கு என்னவோ எண்டு பதறிப்போனன். நாலாவதை வாசிச்சாப் பிறகு மத்தியானம் சாப்பிட ஏலாமல் போச்சுது. வருசத்தில அண்டைக்குத்தான் இஞ்ச எல்லாரும் சாப்பாட்டு மேசையில கதைக்கலாம். எல்லாரும் சிரிக்கினம், நான் கோப்பையைப் பாத்துக்கொண்டு இருந்தனான். அஞ்சாவதைப் பின்னேரம்தான் உடைச்சனான். கட்டிக்கு ஒண்டுமில்லை எண்டதை வாசிச்சு அழுதனான். கழுதைக்குச் சிரிச்சனான். ஆனா நாலாவது இன்னும் நெஞ்சுக்குள்ள கிடக்கு.

அதுக்கு என்ர பதில் இதுதான். ஓம், பயந்துதான் வந்தனான். அப்பா செத்தாப் பிறகு அந்த வீட்டுக் கதவைத் திறக்கவே பயம். இஞ்ச வந்தும் அது முழுக்கப் போகேல்லை. ஆனாலும் நான் இருக்கப் போறன். எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு. பயந்தவள் வரக்கூடாதெண்டு கடவுள் ஒண்டும் சொல்லேல்லை. இதை நான் இஞ்ச ஒருத்தருக்கும் சொன்னதில்லை. எனக்கு எழுதுற எல்லாரும் தங்களுக்காகச் செபிக்கச் சொல்லித்தான் எழுதுகினம். நீ எப்பிடி இருக்கிறாய், ஏன் போனனி எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. நீ ஒருத்திதான் கேட்டனி. அதுவும் சண்டைக்காரி மாதிரி.

உன்னோட எனக்குச் சரியான கோவம். பெந்தக்கோஸ்துத் திருநாள் வரைக்கும் கோவமாத்தான் இருப்பன். அதுக்காக நீ எழுதாமல் விட்டிடாதை.”

பெந்தக்கோஸ்துக்கு இன்னும் ஐந்து கிழமை இருந்தது. நான் பதினொரு கடிதம் போட்டேன்.